மூணெழுத்துக்காரங்க

பங்குனிப் பொங்கலுக்குக் கோயில்ல கொடியேத்தின மறுநாள் காலையில, முத்தூரணியில கண்ணு முழிச்ச அத்தனை பேர் கையிலயும், இடது மணிக்கட்டுக்கு உள்பக்கம், வைத்தியர் நாடி பிடிச்சுப் பார்க்கிற இடத்துல, இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் கலந்து கறுப்பு மையில ஆறெழுத்து அச்சாகியிருந்துச்சு. வேற ஊரா இருந்தா அலறியடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ ஓடியிருப்பாங்க. எங்க ஊரு அச்சாபீஸ் ஊரு. காலண்டர், நோட்டு அட்டை, பட்டாசு லேபிள், மசாலா பாக்கெட்டுன்னு தெருவுக்குத் தெரு பிரஸ் ஓடுற ஊரு. அதனால நாங்க முதல்ல பார்த்தது அச்சு எப்படி விழுந்திருக்குங்கிறதைத்தான். மை எங்கயும் இழுகல, எழுத்தோட விளிம்பு உடையல, கிழவிங்க கைச் சுருக்கத்துல கூடக் கோடு விலகலன்னு ஆளாளுக்கு மெச்சிக்கிட்டு, இது எந்தப் பிரஸ்ல அடிச்சதுன்னு முக்குல நின்னு சண்டை போட்டோம். எங்க ஊரு லட்சணம் அப்படி.

அப்புறம் அழிச்சுப் பார்த்தோம். மண்ணெண்ணெய் போட்டோம், தின்னர் போட்டோம், பீர்க்கங்கூடு வச்சுத் தேய்ச்சோம், தோல் செவந்துச்சே தவிர எழுத்து அசையல. மத்தியானத்துக்குள்ள எல்லாரும் சலிச்சுப்போய், சரி, வந்தது வந்துருச்சுன்னு அவங்கவங்க மெஷினைப் பார்க்கப் போயிட்டோம், ஏன்னா பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள நோட்டு அட்டை போயாகணும். தையக்காரங்ககிட்ட முழுக்கைச் சட்டைக்குக் கூட்டம் கூடுச்சு. வாட்ச் கட்டாதவனெல்லாம் வாட்ச் வாங்கி, அதையும் உள்பக்கமாத் திருப்பிக் கட்டினான். வளையல் கடையில அகல வளையல் தீர்ந்து போச்சு. தெற்குத் தெருவுல ஒரு கல்யாணப் பேச்சுல ஜாதகத்தோட எழுத்தையும் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க, பொருத்தம் எப்படிப் பார்க்கணும்னு அவங்களுக்கும் தெரியாது, சோசியருக்கும் தெரியாது. நாலஞ்சு பேருக்கு மட்டும் மூணெழுத்துதான் விழுந்திருந்துச்சு. மை தீர்ந்து போயிருக்கும், பாவம்னு அவங்களைப் பார்த்து நாங்க உச்சுக் கொட்டினோம்.

அந்த எழுத்து என்னங்கிறது முதல்ல தெரிஞ்சது சுதந்திராவுக்கு. ஆகஸ்ட் பதினஞ்சுல பிறந்ததால அப்பா வச்ச பேரு அது. கம்ப்யூட்டர் படிப்பு முடிச்சுட்டு, கனகவேல் அண்ணாச்சி பிரஸ்ல, கண்ணாடி ரூமுக்குள்ள உட்கார்ந்து டிசைன் பார்க்கிறவ. கெட்டிக்காரி, அதுல குறை சொல்ல முடியாது. ஆனா கெட்டிக்காரிங்கிறது அவளுக்கும் தெரியும், அதுதான் கொஞ்சம் இடிக்கும். ஆர்டர் குடுக்கிற பார்ட்டிக்காரங்க இப்பல்லாம் கலரைச் சொல்லும்போது கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள்னு சொல்றதில்ல, ஆறெழுத்துல ஒரு கோட் நம்பர் அனுப்புறாங்க. அதைப் படிச்சு, எந்த மை எவ்வளவு போடணும்னு சொல்றதுக்கு அவளே கம்ப்யூட்டர்ல ஒரு டூல் எழுதி வச்சிருந்தா. அதுல படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில ஒரு வரி கேட்கும், எழுத்தை அடிச்சு எண்டரைத் தட்டினா அந்தக் கலர் திரை முழுக்க வந்து நிற்கும், கீழ மையோட அளவு வரும். அம்புட்டுத்தான்.

மூணாம் நாள் காலையில அவ அண்ணன் ஜெயக்கொடி இட்லியைப் பிட்டு வாயில வைக்கப் போறப்போ அவன் மணிக்கட்டைப் பார்த்துட்டு, "அண்ணே, அசையாதே. இது கலர்" அப்படின்னா. லேப்டாப்பை எடுத்துட்டு வந்து அடிச்சா. திரை முழுக்கச் சந்தன நிறம் வந்துச்சு. ஜெயக்கொடி அதைப் பார்த்தான், பார்த்துக்கிட்டே இருந்தான், அப்புறம் கையில இருந்த இட்லியைத் தட்டுல வச்சுட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டான். கடைசிக் காலத்துல அவங்க அப்பா குளுருதுன்னு சந்தனக் கலர்ல ஒரு சால்வை கேட்டதும், சாகப் போற மனுஷனுக்கு எதுக்குன்னு இவன் வாங்கிக் குடுக்காததும் அப்போ அவனுக்கு மட்டும் தெரிஞ்ச சங்கதி.

அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே வெளங்கிருச்சு. யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்லல. அண்ணாச்சி பிரஸ் வாசல்ல வரிசை நின்னுச்சு. ஒவ்வொருத்தரா கண்ணாடி ரூமுக்குள்ள போவாங்க, கையை நீட்டுவாங்க, சுதந்திரா அடிப்பா, திரையில வெளிச்சம் மாறும், போனவங்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வெளிய வந்து செருப்பைக் கூட மாட்டாம நடந்து போவாங்க. மனுஷனுக்கு மனசுக்குள்ள எது ரொம்பக் கூசுதோ அதோட கலர் அது. டீக்கடைக்காரருக்குத் தண்ணி ஊத்தின பாலோட வெள்ளை வந்துச்சு, அவரே சொல்லிட்டு அவரே சிரிச்சாரு, சிரிச்சுக்கிட்டிருக்கும்போதே கண்ணைத் துடைச்சாரு. வாத்தியாரம்மா ஒருத்திக்கு வந்த கத்திரிப்பூ நிறத்தை என்னன்னு யாருக்கும் தெரியல, அந்தம்மா மட்டும் அதுக்கப்புறம் கத்திரிப்பூ நிறச் சேலையை உடுத்தல. அண்ணாச்சி ஊர்க் கமிட்டித் தலைவரு, அவரு உள்ள போனப்போ சாம்பல் நிறம் கண்ணாடியில அடிச்சுச்சு. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிக்கிட்டே வெளிய வந்தாரு. வெட்கமாத்தான் இருந்துச்சு எல்லாருக்கும். ஆனா சும்மா சொல்லக்கூடாது, எல்லாருக்கும் ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சதுல ஒரு ஆறுதலும் இருந்துச்சு. புருஷன் பொண்டாட்டி மெதுவாப் பேசிக்கிட்டாங்க, வட்டிக்கடைக்காரன் வணக்கம் வச்சான், அந்த வருஷம் தேர் இழுக்குற சண்டை கூட வரல.

கடைசியாத்தான் மூணெழுத்துக்காரங்க வந்தாங்க. முதல்ல வந்தது அன்னபாக்கியம், ஜெயக்கொடியோட பொண்டாட்டி, சுதந்திராவுக்கு மதினி. வாய் பேசாத பொம்பளை, அரிசி களைஞ்ச தண்ணியைக் கூட சத்தமில்லாம ஊத்துறவ. கையை நீட்டினா. அஞ்சு, டி, ரெண்டு. சுதந்திரா அடிச்சா. திரை முழுக்க நீலம் வந்துச்சு.

கண்ணாடியில அடிச்ச அந்த நீலம் எதுன்னு யாரையும் கேட்க வேண்டியிருக்கல. அது தார்ப்பாய் நீலம்.

அதை இப்பச் சொல்லித்தான் ஆகணும். ஊரடங்கு போட்ட அந்த நோய்க் காலத்துல, எங்க ஊரு எல்லையில, பாலத்துக்கு இந்தப் பக்கம், சீமைக்கருவேல முள்ளு ஆள் உயரத்துக்குக் குறுக்க கிடந்துச்சு. வெளியூர்ல இருந்து நோயைக் கொண்டு வந்துருவாங்கன்னு பயம். அப்போ எங்க ஊரு பால்சாமியும் அவன் பொண்டாட்டி சீனியம்மாவும் திருப்பூர்ல இருந்து பாதி லாரியிலயும் பாதி நடையுமா வந்து சேர்ந்தாங்க, அவ நெறமாசம். முள்ளுக்கு அந்தப் பக்கமே இருங்க, பதினாலு நாள் போகட்டும்னு சொன்னோம். ஒரு நீலத் தார்ப்பாயை முள்ளுக்கு மேல தூக்கிப் போட்டோம். அவங்க அதைக் கட்டிக்கிட்டு அதுக்குள்ள கிடந்தாங்க. கோடை மழை வந்துச்சு. மழையிலயே அவளுக்கு வலியும் வந்துச்சு. பால்சாமி முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்னு கத்தினான். கேட்டுச்சு, மழைச் சத்தத்துல சரியாக் கேட்கலன்னு அப்புறம் சொல்லிக்கிட்டோம். முள்ளை இழுத்து வழி விட்டு வண்டி போறதுக்குள்ள தாயும் போயிட்டா, பிள்ளையும் போயிருச்சு. அதுக்கப்புறம் முள்ளு காஞ்சு, மக்கி, இல்லாமலே போச்சு. யாரு அதை வெட்டிப் போட்டதுன்னு எங்க ஊர்ல யாரும் யாரையும் கேட்டது கிடையாது, அது தன்னால முளைச்சு தன்னால வந்து படுத்துக்கிட்ட மாதிரிதான் பேசுவோம். பால்சாமி வெளியூருக்கும் போகல. அண்ணாச்சி பிரஸ்லயே கட்டிங் மெஷின்ல நின்னான், முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு, யார் முகத்தையும் பார்க்காம. நாங்களும் அவன் முகத்தைப் பார்க்கல.

அன்னபாக்கியத்துக்கு அடுத்து சைக்கிள் கடை வேலுமயிலுக்கும் நீலம் வந்துச்சு. பூக்கட்டுற ராசம்மாவுக்கும் நீலம். கொஞ்சம் கறுப்பாவோ கொஞ்சம் வெளுப்பாவோ, மூணெழுத்துக்காரங்க எல்லாருக்கும் நீலம். ஆறெழுத்துக்காரங்க ஒருத்தருக்கும் நீலம் வரல. அப்போ பாருங்க, எங்க எல்லாருக்கும் நெஞ்சுக்குள்ள இருந்து ஒரு கல்லு இறங்கின மாதிரி இருந்துச்சு. "அப்போ இவங்கதானா?"ன்னு ஒருத்தன் கேட்டான். "பின்னே? மெஷின் பொய் சொல்லுமா?"ன்னு இன்னொருத்தன் சொன்னான். பாவம்னு உச்சுக் கொட்டின அதே வாயாலதான் இப்போ காறித் துப்பினோம்.

கமிட்டி கூடுச்சு. மூணெழுத்துக்காரங்க பால்சாமி கால்ல விழணும்னும், இந்த வருஷம் அவங்க வீட்டுல பொங்கப் பானை ஏத்தக் கூடாதுன்னும் முடிவாச்சு. பால்சாமியைக் கூப்பிட்டா அவன் வரல. பேப்பர் கட்டு நிக்குதுன்னு சொல்லி அனுப்பிட்டான். ஜெயக்கொடி ரோஷக்காரன், "எம் பொண்டாட்டி ஒரு உசுரைக் கொன்னவளா? அவ என் வீட்டுல இருக்க வேண்டாம், பொங்கலன்னைக்கு அவ அம்மா வீட்டுக்குப் போகட்டும்" அப்படின்னு கமிட்டியிலயே சொல்லிட்டான்.

"நான் முள்ளு வெட்டலங்க" அப்படின்னா அன்னபாக்கியம்.

"அப்ப நீலம் எப்படி வந்துச்சு? நீ எதை நெனச்சுக் கூசுறேன்னு சொல்லு."

அவ முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு நின்னா. அதைப் பார்த்து, தப்புப் பண்ணினவதான் இப்படி நிப்பான்னு நாங்க முடிவு கட்டினோம். சுதந்திரா ஓரமா நின்னுக்கிட்டிருந்தா. அவ எழுதின டூலு ஊருக்கே நியாயம் சொல்லுதுங்கிறதுல அவளுக்கு மதினி மேல இருந்த வருத்தத்தைக் காட்டிலும் பெருமை ஒரு பிடி கூடவே இருந்துச்சு, அதை அப்புறம் அவளே சொன்னா.

அது உடைஞ்சது ஒரு மஞ்சள்தூள் பாக்கெட்டால. ராஜபாளையத்துப் பக்கம் ஒரு மசாலாக் கம்பெனி, பாக்கெட் உறைக்குக் கலர் கோட் நம்பர் அனுப்பியிருந்தாங்க. எஃப், டி, சைபர். மூணே எழுத்து. சுதந்திரா ரெண்டு நாள் லீவு. மெஷின்காரன் டூல்ல அதை அடிச்சு, அது சொன்ன அளவுல மையைப் போட்டு, வேறெதையும் யோசிக்காம ஓட்டிட்டான். அவ திரும்பி வந்தப்போ கட்டுக் கட்டா உறை நிக்குது: மஞ்சள் கிழங்கு படம் போட்டு, சுத்தமான மஞ்சள்தூள்னு எழுதி, அத்தனையும் நீலம். மெஷின்காரன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "பார்ட்டிக்கு என்ன புத்தியோன்னு நெனச்சேன்க்கா" அப்படின்னான். முதல்ல அவளுக்குச் சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் கையில இருந்த உறையைப் பார்த்தா, அந்த நீலத்தைப் பார்த்தா. அது அவ மதினியோட நீலம்.

அவ உட்கார்ந்து டூலைத் திறந்து பார்த்தா. ஆறெழுத்துல முதல் ரெண்டு சிவப்பு எவ்வளவு, நடு ரெண்டு பச்சை எவ்வளவு, கடைசி ரெண்டு நீலம் எவ்வளவுங்கிறது கணக்கு. மூணெழுத்து வந்தா அது சுருக்கி எழுதினது. ஒவ்வொரு எழுத்தையும் ரெண்டு தடவை வச்சுப் படிக்கணும். அவ டூலு அப்படிப் படிக்கல. மூணெழுத்தை எடுத்து, ஆறுக்குக் குறையுதேன்னு முன்னால மூணு சைபரைப் போட்டு நிரப்பிருச்சு. முன்னால சைபர் வந்தா சிவப்பு செத்துருச்சு, பச்சையும் பேருக்குத்தான், மிச்சம் நிக்கிறது நீலம். வெள்ளையை அடிச்சாலும் நீலம், ஆரஞ்சை அடிச்சாலும் நீலம். எழுதி முடிச்ச அன்னைக்கு அவ மூணெழுத்துக்குன்னு ஒரே ஒரு தடவைதான் சோதிச்சுப் பார்த்தா, அதுவும் மூணு சைபரைப் போட்டு. கறுப்பு வந்துச்சு, கறுப்புதான் வரணும், சரியா இருக்குன்னு எந்திரிச்சுப் போயிட்டா. சைபருக்கு முன்னால எத்தனை சைபர் போட்டா என்ன, கறுப்பு கறுப்புதானே. அதை நெனச்சு நெனச்சு அவளுக்குக் காது மடல் ரெண்டும் தீயா எரிஞ்சுச்சு. நாலு பேரு முன்னாடி மதினி முந்தானையை வாயில வச்சுக்கிட்டு நின்ன கோலம் கண்ணு முன்னாடியே நின்னுச்சு, நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் செத்துரலாம் போல இருந்துச்சு.

உறையை எடுத்துக்கிட்டு அண்ணாச்சிகிட்ட போனா. அவரு முதல்ல கத்தினாரு, அப்புறம் விஷயத்தைக் கேட்டாரு, அப்புறம் கதவைச் சாத்தினாரு.

"சரி தாயி. பாக்கெட்டை மறுபடி அடிச்சிருவோம். மனுஷன்னா கை தவறத்தான் செய்யும்."

"பாக்கெட்டை மறுபடி அடிச்சிரலாம் அண்ணாச்சி. எங்க மதினியை?"

அவரு மேஜை மேல இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து இந்தக் கையிலயும் அந்தக் கையிலயும் மாத்திக்கிட்டிருந்தாரு. "ஊரு இப்பத்தான் அடங்கியிருக்கு. எல்லாரும் நிம்மதியா இருக்காங்க. நாலஞ்சு பேரு தலையோட போயிரட்டும், கொஞ்ச நாள்ல அவங்க வீட்டுலயும் சமாதானமாயிருவாங்க. இப்பப் போயி நீ மெஷின் தப்புன்னு சொன்னா, அப்போ யாருன்னு திரும்பக் கேள்வி வரும். வேண்டாம்மா. டூலை மட்டும் சத்தமில்லாமத் திருத்திரு. உனக்கும் மானம் இருக்குல்ல?"

இருந்துச்சே, அதுதானே கஷ்டம். கெட்டிக்காரின்னு பேரெடுத்தவளுக்கு ஊர் நடுவுல நின்னு நான் தப்பா எழுதிட்டேன்னு சொல்றது லேசா? அவ டூலைத் திருத்தினா, சத்தமில்லாமத்தான் திருத்தினா. வீட்டுக்கு வந்து மதினி கையால சோறு வாங்கித் தின்னா. சொல்லணும் சொல்லணும்னு வாயைத் திறந்து, மோர் ஊத்துங்க மதினின்னு சொன்னா. அந்த மோரு அவளுக்கு இறங்கல. இதையும் அவதான் அழுதுக்கிட்டே சொன்னா, நாங்களாச் சேர்த்துச் சொல்லல.

பொங்கலன்னைக்குக் காலையில, தெரு பூராவும் பானை ஏறிக்கிட்டிருக்கிறப்போ, ஜெயக்கொடி வீட்டு வாசல்ல மட்டும் ஆட்டோ வந்து நின்னுச்சு. அன்னபாக்கியம் ஒரு பையோட ஏறி உட்கார்ந்தா. யாரும் அழல, அவளும் அழல. ஆட்டோ கிளம்பப் போச்சு, அப்போ சுதந்திரா தலை கூட வாராம ஓடி வந்து ஆட்டோ கம்பியைப் பிடிச்சா.

"மதினி, இறங்குங்க."

"விடுத்தா. உங்க அண்ணன் கோவப்படுவாரு."

"அண்ணன் என் மேல கோவப்படட்டும். தப்பு என்னோடது. நான்தான் தப்பா எழுதினேன். அந்த நீலம் உங்களோடது இல்ல." அப்புறம் தெருவைப் பார்த்துத் திரும்பி, கரகரத்த குரல்ல, "எல்லாரும் கேளுங்க, என் டூலு தப்பு! மூணெழுத்தை அது தப்பாப் படிச்சிருச்சு! வந்து பாருங்க!" அப்படின்னு கத்தினா. கத்திட்டு அங்கேயே முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதா. எங்களுக்கு அவளைப் பார்க்கவே சங்கடமாப் போச்சு.

பொங்கின பானையைப் பொங்கினபடி விட்டுட்டு ஊரே பிரஸ்ஸுக்குப் போச்சு. கண்ணாடி ரூமுக் கதவைத் திறந்து வச்சுட்டு, திரையை வாசலைப் பார்த்துத் திருப்பி வச்சா. அஞ்சு, டி, ரெண்டு. எண்டரைத் தட்டினா. திரை முழுக்கக் கிளிப்பச்சை வந்துச்சு, கண்ணைப் பறிக்கிற கிளிப்பச்சை.

அன்னபாக்கியம் ஐயோன்னு ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டா. "போன தீவாளிக்கு முந்தின தீவாளிக்கு உனக்குன்னு உங்க அண்ணன் எடுத்துட்டு வந்த ஜாக்கெட் துணி சுதந்திரா அது. என் தங்கச்சி வந்திருந்தா, அவளுக்குப் புதுசு இல்ல. உனக்குத் தெரியாம அவளுக்குத் தச்சுக் குடுத்துட்டேன். கடைக்காரன் மறந்துட்டான்னு உன்கிட்டப் பொய் சொன்னேன். நீயும் நம்பிட்ட. உன் மூஞ்சியைப் பார்க்கும்போதெல்லாம்..." கமிட்டி முன்னாடி அவ வாயைத் திறக்காததுக்குக் காரணம் அம்புட்டுத்தான். ஒரு ஜாக்கெட் துணி.

வேலுமயிலுக்கு ஆரஞ்சு வந்துச்சு. ராசம்மாவுக்கு மல்லிகைப்பூ வெள்ளை. இன்னும் ரெண்டு பேருக்கு மஞ்சளும் ரோசும் வந்துச்சு. எதுக்குன்னு நாங்க கேட்கல. ஒரு வெளிச்சம் கூட நீலமா வரல. மூணெழுத்துக்காரங்க முடிஞ்சாங்க. ஆறெழுத்துக்காரங்க முன்னாடியே முடிஞ்சிருந்தோம். அப்போ அந்தக் கூட்டத்துக்குள்ள, யாரு சொன்னதுன்னு தெரியல, ஒரு பொம்பளைக் குரல் மெதுவாச் சொல்லுச்சு: "அப்போ நீலம் யாருக்குமே இல்லையா?"

அந்தக் கேள்விதான். ஒரு ஜாக்கெட் துணிக்கு ஒருத்தி இத்தனை நாள் கூசியிருக்கா, தண்ணி ஊத்தின பாலுக்கு ஒருத்தர் கூசியிருக்காரு. சீனியம்மாவுக்குன்னு கூச ஊருக்குள்ள ஒரு கை இல்ல. எங்களுக்கு நிக்க முடியல. போகவும் முடியல. அண்ணாச்சி செருப்பு நுனியையே பார்த்துக்கிட்டிருந்தாரு.

உள்ள கட்டிங் மெஷின் ஓடுற சத்தம் நின்னுச்சு. பால்சாமி வெளிய வந்தான். பொங்கலுக்கும் அவன் லீவு எடுக்கல. கூட்டம் விலகி வழி விட்டுச்சு. அவன் கண்ணாடி ரூமுக்குள்ள போயி, இடது கை முழுக்கைப் பொத்தானைக் கழட்டி, மேல சுருட்டி, கையைச் சுதந்திராகிட்ட நீட்டினான். அவன் எழுத்தை அதுவரைக்கும் நாங்க யாரும் பார்த்ததில்ல. சைபர், சைபர், சைபர், அஞ்சு, டி, ரெண்டு.

"அடிங்க தங்கச்சி."

"வேண்டாம்ணே."

"அடிங்க."

திருத்தின டூலுதான். ஆறெழுத்தையும் ஒழுங்காத்தான் படிச்சுச்சு. திரை முழுக்கத் தார்ப்பாய் நீலம் வந்து நின்னுச்சு.

"நான்தான் தாண்டியிருக்கணும்" அப்படின்னான் பால்சாமி. ரொம்ப நாளாப் பேசாதவன் குரல், பாதி காத்தா வந்துச்சு. "கத்தினா வந்து எடுத்து விட்டுருவாங்க, நம்ம ஊருதானேன்னு கத்திக்கிட்டே நின்னேன். கத்தின நேரத்துல அவளைத் தூக்கிக்கிட்டு முள்ளு மேலயே நடந்திருக்கலாம். குத்தினா குத்திட்டுப் போகுது. அறிவில்லாம கத்திக்கிட்டே நின்னுட்டேன்."

அப்புறம் எங்க எல்லாரையும் ஒரு சுத்துப் பார்த்தான். கோவமாப் பார்த்திருந்தாத் தாங்கியிருக்கலாம். எங்க முன்னாடி தப்புப் பண்ணிட்டு வந்து நிக்கிற மாதிரி, மன்னிப்புக் கேக்குற மாதிரி பார்த்தான்.

யாரு முள்ளு வெட்டினதுன்னு இப்பச் சொல்றேன். கோயில் வாசல்ல கூட்டம் போட்டு, வீட்டுக்கு ஒரு கட்டு முள்ளுன்னு முடிவு பண்ணினோம், தேருக்கு வரி பிரிக்கிற மாதிரி. ஒரு வீடு பாக்கியில்லாம ஆளுக்கொரு கட்டு இழுத்துட்டுப் போயிப் போட்டோம். வராத வீட்டுக்கு ஆள் விட்டோம். அன்னைக்கு எங்க ஒற்றுமையைப் பார்த்து நாங்களே மெச்சிக்கிட்டோம்.

முதல்ல அண்ணாச்சிதான் கையை உதறினாரு, எறும்பு கடிச்ச மாதிரி. அப்புறம் ஜெயக்கொடி. அப்புறம் எங்க எல்லாருக்கும் மணிக்கட்டுல சுள்ளுன்னு ஒண்ணு ஓடுச்சு. பார்த்தோம். சாம்பலும் சந்தனமும் பால் வெள்ளையும் இருந்த எழுத்தெல்லாம் போயி, மையோட ஈரம் கூடக் காயாம புதுசா ஆறெழுத்து நின்னுச்சு. முன்னால மூணு சைபர், பின்னால அஞ்சு, டி, ரெண்டு. டூலைக் கேட்க வேண்டியிருக்கல. அன்னபாக்கியம் தன் கையைப் பார்த்தா, அவளுக்கும் அதேதான். ஜெயக்கொடி அவளைப் பார்த்து, "உனக்கெதுக்கு? நீ போகவே இல்லையே" அப்படின்னான்.

"அருவாளை எடுத்துக் குடுத்தது நான்தானே" அப்படின்னா அவ.

பால்சாமி நீட்டின கையை இன்னும் நீட்டிக்கிட்டேதான் இருந்தான். சுதந்திரா அதைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்தா. நாடி ஓடுற இடத்துல தோல் சுத்தமா இருந்துச்சு. எழுத்து எதுவும் இல்ல.

மறுநாள் அவன் அரைக்கைச் சட்டை போட்டுக்கிட்டு வேலைக்கு வந்தான். எங்க கை இன்னும் அப்படியேதான் இருக்கு. மண்ணெண்ணெய் போட்டு யாரும் தேய்க்கிறதில்ல. வெளியூர்ல இருந்து பொண்ணு பார்க்க வர்றவங்க கையில என்ன எழுதியிருக்குன்னு கேட்டா, உட்கார வச்சு, தண்ணி குடுத்து, அவ பேரு சீனியம்மான்னு ஆரம்பிச்சு முழுசாச் சொல்றோம். பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிடுறாங்க.